காரணம்

ஆறு பேருந்து ஓட்டுகிறேன்.
ஓட்டுகிறேன் என்பதும் பொய்.
படுக்கையறையில் இஸ்திரி மேசையை விரித்து
ஆறும் தாமாக ஓடுவதைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஒன்று நின்றால் திரை மஞ்சளாகும்.
காரணம் கேட்கும்.

நேற்று நாலாம் வண்டி
சுவா சூ காங்கில், நட்டநடுச் சாலையில் நின்றது.
எதிரே ஒரு மைனா
நாசி லெமாக் பொட்டலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.
தடங்கல், கோளாறு, அவசரநிலை, பிற.
'பிற' அழுத்தினேன்.
மைனா தின்று முடிக்கும்வரை
பதினோரு பயணிகளும் நானும் காத்திருந்தோம்.
ஸ்டியரிங் பிடித்த காலத்தைவிட
இருநூறு வெள்ளி கூடுதல் சம்பளம்.

சொல்ல வந்தது லிஃப்டைப் பற்றி.

எங்கள் புளோக் லிஃப்டில் இப்போது பொத்தான் கிடையாது.
நடைச் சத்தத்தில் ஆளைத் தெரிந்துகொள்ளும்.
எனக்குப் பன்னிரண்டு.
எனக்கு நேர் கீழே, பதினொன்றில், திரு குவேக்.
காலை ஏழே காலுக்கு
நான் கோப்பி வாங்க, அவர் நடக்க.

பதினாலு வருஷமாக
தியோச்சியூவில் ஒரே வாக்கியம் சொல்வார்.
சொல்லும்போது ஆள்காட்டி விரல் மேலே போகும்.
நானும் மேலே பார்ப்பேன்.
"யா, யா, ரெயின்" என்பேன்.
வெயில் கொளுத்துகிற நாளிலும்.
தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்.
நல்ல மனுஷன், வானிலையில் இவ்வளவு அக்கறை
என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் சமூக மன்றத்தில்
காதுக்குள் வைக்கும் மணி தந்தார்கள்.
அரிசி அளவு. ஐம்பத்திரண்டு மொழி.
மறுநாள் காலை, லிஃப்டுக்குள்,
அவர் குரலிலேயே, செய்தி வாசிக்கும் தமிழில்:
"அம்மையீர், தங்கள் ஆடைகளிலிருந்து வடியும் நீர்
சன்னல் வழியே
அடியேனின் மெத்தையை நனைக்கின்றது."

அவர் கழுத்தைப் பார்த்தேன்.
நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது.
முகம் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல,
"மரியாதையைக் குறை" என்றேன் மணியிடம்.
உறுதியா என்றது.
உறுதி.

"மூணு மெத்தை மாத்திட்டேன்!
புழிஞ்சு போடக் கையில்லையா உனக்கு,
நானும் சொல்றேன் சொல்றேன்,
நீ ஈன்னு இளிச்சு மழைங்கிற!"
அதற்கடுத்த சொல்லுக்கு
மணி அரை நொடி தயங்கியது.
பிறகு கொடுத்தது, டிப்போவில்
மெக்கானிக்குகள் வாயில் மட்டும் நான் கேட்ட சொல்.

லிஃப்ட் கீழே வந்து கதவைத் திறந்தது.
நாங்கள் இறங்கவில்லை.

"உங்க ஊதுபத்திப் புகை நேரா என் அடுப்படிக்கு வருது.
ஒரு நாளாவது கேட்டிருப்பேனா?"
"கேட்டிருக்க வேண்டியதுதானே!"
"எந்த மொழியில?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை.
என்னிடமும் இல்லை.
மணியில் வெறும் இரைச்சல்.

சாப்பாடு கொண்டுவந்த சக்கரப்பெட்டி ஒன்று
வெளியே நின்று நாலு மொழியிலும் வழி கேட்டது.
யாரும் நகராததால்
திரும்பிப்போய்த் தூணோரம் நின்றுகொண்டது.

அவர் ஆரம்பித்தார் மறுபடி.
மெத்தை விலை. சேலை நீளம்.
நான் கிளிப் விழுந்த கதை சொன்னேன்,
அவர் அது தன் பூந்தொட்டியில் கிடக்கிறது என்றார்,
நீலக் கிளிப், ஒன்பது, எண்ணி வைத்திருக்கிறேன் என்றார்.
திருப்பித் தரலாமே என்றேன்.
தரமாட்டேன் என்றார்.
தொண்டை கட்டும்வரை பேசினோம்.
கதவு மூடவேயில்லை.
பேச்சு முடிந்ததா என்று
லிஃப்டுக்குத் தெரியவில்லை போலும்.

இருவர் கைப்பேசியும் ஒன்றாக அதிர்ந்தன.
நகர மன்றத்திலிருந்து.
கதவு திறந்திருந்த நேரம்:
நாலு நிமிடம் நாற்பது வினாடி.
காரணம்?

அதே நாலு.
கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்.
"கடைசியை அழுத்துங்க, அதான் சரி,
என் தொழிலே அது" என்றேன்.

என்னை ஒருமுறை,
மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.
பிறகு நிதானமாக,
நான் பார்க்கும்படி திரையைத் திருப்பி,
'தடங்கல்' அழுத்தினார்.